பதினான்காவது கேள்வி

எங்கள் குன்றின் விஞ்ச் மேலே வரத்
தொண்ணூறு நொடி ஆகும்.
வால்பரைசோவில் இதைவிடச் செங்குத்தானவை உண்டு,
இதைவிடச் சோம்பேறி இல்லை.
மேல் நிலையத்துக் கூண்டில் நான்,
நெல்தா ஓயார்சூன், நாற்பத்தொரு வயது,
சீட்டுக் கிழிப்பவள், நெம்புகோல் இழுப்பவள்,
மார்ச்சிலிருந்து நெட்வொர்க் படிப்பவள்.

ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நிமிடம்.
அதில் நாலு நிமிடம் பாடம்,
ஒரு நிமிடம் மெத்தை விளம்பரம்.
இலவசத்துக்கு இதுதான் விலை.
அந்த மெத்தைக்குள் எத்தனை சுருள்கம்பி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
வைஃபை எதிர் ரொட்டிக்கடையுடையது.
தினம் இரண்டு ரொட்டி வாங்குகிறேன்,
பசிக்காத நாளிலும்.

சொல்லிக்கொடுப்பவர் எங்கோ ஒரு நாட்டில்
இருமிக்கொண்டே பேசும் வழுக்கைத் தலையர்.
அடியில் ஓடும் ஸ்பானிய எழுத்தை இயந்திரம் போடுகிறது.
அவர் ஃபயர்வால் என்பார்,
அது எரிகிற சுவர் என்னும்.
அவர் இருமினால் அதற்கும் ஒரு சொல் எழுதும்.

போர்ட்டுகள் பாடத்தில் மட்டும் அது தடுமாறவில்லை.
எங்கள் மொழியில் கப்பல் நிற்பதற்கும்
கணினி கதவு திறப்பதற்கும் ஒரே சொல்தான்.
மொத்தம் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்றார்.
கூண்டின் கண்ணாடி வழியே
எனக்குத் தெரிந்த ஒரே துறைமுகத்தைப் பார்த்தேன்.
வேலைநிறுத்தம்.
ஒரு கிரேனும் அசையவில்லை.

முதலில் பிடிபட்டது மணிதான்.
கீழ் நிலையத்திலிருந்து எலிசேயோ ஒரு தட்டு தட்டுவான்:
தயாரா?
நான் இரண்டு தட்டு: தயார், நீ?
அவன் ஒன்று: தயார்.
பிறகுதான் வண்டி நகரும்.
இதைத்தான் அந்த மனிதர்
மூன்று வழிக் கைகுலுக்கல் என்று
இருபது நிமிடம் விளக்கினார்.
பதினோரு வருடமாக நான் செய்வது
அது என்று தெரியாமல் செய்திருக்கிறேன்.
மெத்தை விளம்பரம் வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முகவரிகளைப் பங்குபிரிப்பதுதான் ஆளைக் கொன்றது.
பயன்படாத சீட்டுகளின் முதுகில்
ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு மாதம்.
பிறகு நானே ஒன்று கட்டிக்கொண்டேன்:
அறுபத்து நாலு வீடுள்ள தெரு.
முதல் வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது,
அது தெருவின் பெயர்.
கடைசி வீடு தண்டோராக்காரனுக்கு.
மிச்சம் அறுபத்திரண்டுக்கு வாடகைக்கு ஆள் வரலாம்.

போன வாரம் எலிசேயோ ஒரு கோப்பு அனுப்பினான்.
அசல் வினாத்தாளாம், விடையோடு.
அவன் மைத்துனனின் நண்பன் எங்கிருந்தோ உருவியது.
உத்தமி என்று சொல்லிக்கொள்ளமாட்டேன், திறந்தேன்.
வரிசையில் நாலு பயணிகள் நிற்க
பதின்மூன்று கேள்வி ஓடிப்போனது.

பதினான்காவது:
எழுபத்தேழில் முடியும் முகவரி,
இருபத்தாறு பிட் முகமூடி,
எந்த வலையைச் சேர்ந்தது?
விடை: பூஜ்யம் என்று போட்டிருந்தது.

இல்லை.
அறுபத்து மூன்றோடு முதல் தெரு முடிந்துவிடுகிறதே.
எழுபத்தேழு அடுத்த தெருக்காரன்,
அறுபத்து நாலில் தொடங்கும் தெரு.
ஒரு சீட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
இன்னொரு சீட்டில்.
திருடிய விடை தப்பு.
நான் சரி.

காய்கறிப் பையோடு நின்ற பெண்மணி
"வண்டி போகுமா, போகாதா?" என்றாள்.
"அறுபத்து நாலு" என்றேன்.

எலிசேயோவுக்குத் திருத்தி அனுப்பினேன்.
"நிச்சயமா?" என்று கேட்டான்.
நிச்சயம் என்று இதற்குமுன்
எதைப் பற்றி எழுதினேனோ, ஞாபகம் இல்லை.
கோப்பை அழித்தேன்.
மீதிக் கேள்விகளில் எத்தனை சரியோ,
யார் உட்கார்ந்து திருத்துவது?

படிப்பு இலவசம்.
கேள்வி கேட்கப்படுவதற்குத்தான் காசு.
பாதிக் கட்டணச் சலுகை போகவும்
இன்னும் ஒன்பதாயிரம் பெசோ குறைகிறது.
வியாழக்கிழமைக்குள் கட்டவேண்டும்.
இன்றைக்கு ஒரு ரொட்டிதான் வாங்கினேன்.
கடைக்காரி ஒன்றும் சொல்லவில்லை,
கடவுச்சொல்லையும் மாற்றவில்லை.

கடல் பனி ஏறிவந்து தண்டவாளத்தைப் பாதியில் தின்றுவிட்டது.
கீழே எதுவும் தெரியவில்லை.
ஒரு தட்டு கேட்கிறது.

நான் இரண்டு தட்டுகிறேன்.